நகரத்துக்குள் உயிரினங்களுக்கு இடம் அமைப்பது: கூட்டுப்பெட்டி முதலா, பட்டமரம் முதலா?

வேலியோரம்:
எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலம் நீளமாகச் சும்மா கிடக்கிறது. சங்கத்தில் பேசி அதைப் பறவை, பூச்சி, தவளை இவற்றுக்காக விட்டுவிடச் சம்மதம் வாங்கிவிட்டோம். சில பழைய மரங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று பட்டுப்போய் நிற்கிறது, அதை வெட்டியே ஆக வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஒரு மூலையில் மழைநீர் தேங்கும் பள்ளம். கூட்டுப்பெட்டிகள், ஒரு தேனீ விடுதி (தேனீ கூடு கட்டத் துளையிட்ட கட்டையோ குழாய்க்கட்டோ), வௌவால் பெட்டி எல்லாம் வாங்கலாம், முடிந்தால் சின்னக் குளமும் வெட்டலாம் என்பது இப்போதைய யோசனை. எங்கிருந்து ஆரம்பிப்பது, எதை விட்டுவிடுவது? காரணத்தோடு சொல்லுங்கள், கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியிருக்கிறது.

பட்டமரம்:
முதலில் அந்த மரத்தைக் காப்பாற்றுங்கள், கடைக்குப் போவதெல்லாம் அப்புறம். நகரத்தில் நாம் விற்பனைக்கு வாங்கி மாட்டுகிற பெட்டி, விடுதி, குழாய்க்கட்டு எல்லாமே ஏற்கெனவே வெட்டி அப்புறப்படுத்திய ஏதோ ஒன்றுக்கு மாற்றாக வருவதுதான். பொந்து போனதால் பெட்டி. மக்கும் கட்டை போனதால் பூச்சி விடுதி. உங்களிடம் அசலே நிற்கும்போது அதை வெட்டிவிட்டு நகலை வாங்கி ஆணி அடிப்பதில் என்ன லாபம்?

மரங்கொத்தியும் குக்குறுவானும் தாமே குடையும். அவை ஒரு பருவம் இருந்துவிட்டுப் போன பொந்தில் மைனா, கிளி, சின்ன ஆந்தை, அணில், வௌவால் என்று அடுத்தடுத்துக் குடி வரும். குடையத் தெரிந்தவை கொஞ்சம், அதை நம்பி இருப்பவை நிறைய. தானாக உருவாகும் பெரிய பொந்துக்கு ஆகும் காலமோ மனித ஆயுளில் அடங்காது. ஆஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் மரங்களில் பெரிய பொந்து விழ நூறு ஆண்டுக்கு மேல் பிடிக்கிறது. வெட்டிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர உங்கள் சங்கத்தால் முடியாது, எந்த அரசாலும் முடியாது.

வெட்டச் சொல்பவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது, தலையில் விழும் என்பதுதானே. அதற்கு மரத்தையே எடுக்க வேண்டியதில்லை. மர ஆரோக்கியம் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, வேர் பிடித்திருக்கிறதா, அடிமரம் எவ்வளவு உளுத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கிளைகளைக் கழித்து, பாதுகாப்பான உயரத்துக்கு நடுமரத்தை மட்டும் நிறுத்திவிடலாம். விழுந்தாலும் நடைபாதையைத் தொடாத உயரம், அவ்வளவுதான் கணக்கு. கழித்த கிளைகளை லாரியில் ஏற்றி அனுப்பாதீர்கள்! அங்கேயே நிழலில் அடுக்குங்கள். காட்டில் வாழும் உயிரினங்களில் ஏறக்குறைய கால் பங்கு ஏதோ ஒரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பியிருக்கிறது என்று சூழலியலாளர்கள் சொல்வது வழக்கம். அந்தக் கட்டைக்குள் இருக்கும் பூஞ்சை, வண்டுப் புழு, மரவட்டைதான் உங்கள் பறவைக்கும் அரணைக்கும் சாப்பாடு.

உழவாரன்:
பட்டமரம் நண்பர் சொல்வதில் முக்கால்வாசிக்கு உடன்படுகிறேன். ஆனால் பெட்டியை வெறும் நகல் என்று தள்ளிவிடுவது சரியில்லை. எத்தனையோ நகரப் பகுதிகளில் பட்டமரமும் கிடையாது, பழைய மரமும் கிடையாது, இன்று நட்டால் பேரன் காலத்தில்தான் பொந்து. அதுவரை அந்தப் பறவை எங்கே போகும்?

பெட்டி பலித்த கதைகள் உண்மையானவை. வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வாழும் ஊதா மார்ட்டின் என்ற தகைவிலான் இனம் இன்று ஏறக்குறைய முழுக்க மனிதர் வைக்கும் கூடுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. சிங்கப்பூரில் மறைந்துபோயிருந்த இருவாச்சி மீண்டு வந்ததில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளுக்கும் பங்கு உண்டு. இருவாச்சிக்குத் தானாகக் குடைய வராது, பெரிய பொந்து இல்லாவிட்டால் ஜோடி சேர்ந்தும் பயனில்லை.

ஆனால் "பறவைக்கூடு" என்று பொதுவாக ஒன்றை வாங்கி மாட்டக் கூடாது. எந்தப் பறவைக்கு என்று முதலில் தீர்மானியுங்கள், மீதியெல்லாம் வாசலின் அளவைப் பொறுத்தது. சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. துளை போதும். 38ஐத் தாண்டினால் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவை நுழைந்துவிடும் என்பதால்தான் வட அமெரிக்காவில் நீலப்பறவைக்குப் பெட்டி செய்பவர்கள் அந்த அளவில் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஸ்டார்லிங்கும் சிட்டுக்குருவியும் அங்கே வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டவை, உள்ளூர்ப் பறவையைக் கூட்டிலிருந்தே துரத்துகின்றன. அதே சிட்டுக்குருவி தன் சொந்த மண்ணில் பல நகரங்களில் குறைந்து வருகிறது. உங்கள் ஊரில் எது வந்தேறி, எது குறைகிறது என்று தெரியாமல் துளை போட்டால் யாருக்கு வீடு கட்டினோம் என்றே தெரியாது.

வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்த பெட்டியை வாங்காதீர்கள். அந்தக் குச்சி பறவைக்குத் தேவையே இல்லை, கொள்ளையடிக்க வருபவைக்குத்தான் பிடிமானம். பலகை 15 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல், உள்ளே வண்ணமோ வார்னிஷோ இல்லாமல், அடியில் நீர் வடியத் துளையோடு, சுத்தம் செய்யத் திறக்கும்படி இருக்க வேண்டும். வெளியேறும் குஞ்சு கால் பதித்து ஏற உள்சுவர் சொரசொரப்பாக இருப்பது அவசியம். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வதால் அதற்கு இரண்டு மூன்று பெட்டிகளை அருகருகே வைக்கலாம், தன் எல்லைக்குச் சண்டை போடும் இனங்களுக்கு அப்படி வைக்கக் கூடாது.

உழவாரன் குருவிக்கு வேறு கணக்கு. அது கிளையிலோ தரையிலோ உட்காராது, பறந்துகொண்டே உணவெடுக்கும், கூட்டிலிருந்து கீழ்நோக்கி விழுந்துதான் பறக்கத் தொடங்கும். அதனால் 5 மீட்டருக்குக் குறையாத உயரமும் முன்னால் தடையில்லாத வெளியும் வேண்டும். பழைய கட்டடங்களின் இடுக்குகளை நாம் பூசி அடைத்ததால்தான் அதற்குக் கூடு கட்ட இடம் இல்லாமல் போகிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகராட்சி 2020 முதல் 5 மீட்டருக்கு மேல் உயரும் புதுக் கட்டடங்களில் உழவாரனுக்கான கூட்டுச்செங்கல் (உள்ளே கூடு கட்டக் குழிவுள்ள செங்கல்) வைப்பதை அனுமதி நிபந்தனையில் சேர்த்தது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. சுவரோடு சுவராகப் போய்விடும், ஆணி துருப்பிடிக்காது, குடியிருப்புச் சங்கம் மாறினால் யாரும் கழற்றி எறிய முடியாது.

மூன்றாம்மாடி:
எதிர்ப்பவன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் இந்த மாதிரிக் கூட்டங்களில் கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவன் நான். கட்டை அடுக்கினால் பாம்பு வரும். குளம் வெட்டினால் கொசு வரும். தேனீ விடுதி வைத்தால் குழந்தைகளைக் கொட்டும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் போனால் எந்தக் கூட்டத்திலும் தேறாது. "இயற்கையோடு வாழப் பழகுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கீழ்த்தளத்தில் வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

தட்டான்:
மூன்றுமே கேட்க வேண்டிய கேள்விகள். கொசுவில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் குளம்தான் என் பக்கம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் முட்டையிடுவது சின்னப் பாத்திரங்களில்: தொட்டிச் செடியின் அடித்தட்டு, பழைய டயர், அடைத்துக்கொண்ட மழைநீர்த் தகரம், மூடாத தொட்டி. அங்கே கொசுப்புழுவைத் தின்ன யாரும் இல்லை. உயிரோட்டமுள்ள குளத்தில் தட்டான் இளம்பூச்சி, நீர்வண்டு, முதுகால் நீந்தும் பூச்சி எல்லாம் புழுவைத் தின்றே வளர்கின்றன. ஆபத்தான காலம் என்றால் புதுக் குளத்தின் ஆரம்ப வாரங்கள். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், வேட்டைப்பூச்சிகள் அதற்குள் வந்து சேர்ந்திருக்காது. அந்த இடைவெளிக்கு பி.டி.ஐ. எனப்படும் பாக்டீரியாத் துகளைப் போடலாம், அது கொசுவையும் அதன் நெருங்கிய சில ஈ இனங்களின் புழுக்களையும் தாக்கும், தவளைக்கும் தட்டானுக்கும் கெடுதல் இல்லை. உங்கள் ஊர்ச் சுகாதார விதி தேங்கிய நீரைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து கம்பூசியா மீன் விடாதீர்கள். கொசு ஒழிப்பு என்ற பெயரில் உலகம் முழுக்கக் கொண்டுபோய் விடப்பட்ட மீன் அது, தலைப்பிரட்டையையும் தவளை முட்டையையும் அழித்து, உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அலங்கார மீனும் வேண்டாம். தவளைக்கென்று குளம் என்றால் மீன் இல்லாத குளம். வேலியோரம், உங்கள் மழைநீர்ப் பள்ளம் கோடையில் வற்றுகிறது என்றால் அதை அப்படியே விடுங்கள்! வற்றுவதால் மீன் தங்காது, சில தவளை இனங்கள் அப்படிப்பட்ட தற்காலிக நீரைத்தான் தேடி வருகின்றன. செய்ய வேண்டியது கரையை மட்டும் சரிவாக்குவது. செங்குத்தான சிமென்ட் கரை உள்ள தொட்டியில் விழுந்த தேரையும் முள்ளெலியும் ஏற முடியாமல் செத்துப்போகும். ஒரு பக்கமாவது கணுக்கால் ஆழத்தில் தொடங்கி மெதுவாக இறங்கட்டும், உள்ளூர் நீர்ச்செடி கரையோரம் நிற்கட்டும். தட்டான் இளம்பூச்சி செடித்தண்டில் ஏறி வந்துதான் தோல் உரித்துப் பறக்கும், தண்டு இல்லாவிட்டால் ஏற இடமில்லை.

தேனீ விடுதிக்கு வருபவை கூட்டமாக வாழும் தேனீக்கள் அல்ல, தனித்தேனீக்கள். அவற்றுக்குக் காக்க வேண்டிய கூட்டமும் தேன் சேமிப்பும் இல்லாததால் துரத்திக் கொட்டும் பழக்கமும் இல்லை, கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். கூட்டத்தில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பட்டமரம்:
தேனீ விடுதி விஷயத்தில் தட்டானோடு கொஞ்சம் மோதத்தான் வேண்டும். ஆபத்தில்லை என்பது உண்மை. நல்லது செய்கிறதா என்பது வேறு கேள்வி. டொராண்டோவில் அறுநூறுக்கு நெருக்கமான விடுதிகளை மூன்று ஆண்டுகள் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், வந்து தங்கிய தேனீக்களில் பாதிக்கு நெருக்கமானவை வெளிநாட்டிலிருந்து வந்த இனங்கள். ஒட்டுண்ணித் தாக்குதலும் உள்ளூர்த் தேனீக்களிடம்தான் அதிகம். இயற்கையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் கூடுகளை ஒரே சட்டத்துக்குள் நெருக்கி வைத்தால் ஒட்டுண்ணிக் குளவிக்கு அலைச்சல் மிச்சம்.

அதைவிடப் பெரிய விஷயம், தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு கட்டுபவை. அவற்றுக்கு எந்த விடுதியும் உதவாது. வேண்டியது வெயில் படும், புல் மூடாத, மிதிபடாத வெற்று மண். நாம் என்ன செய்கிறோம்? ஓர் அங்குல மண் தெரியாமல் டைல்ஸ் பதிக்கிறோம், மீதியில் புல்தரை, மிச்சம் இருந்தால் அதில் சருகைக் கனமாகப் போட்டு மூடுகிறோம். சுவரோரம் ஒரு சரிவான மண்மேட்டை வெயில் பக்கமாக வெறுமையாக விடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, அதில் கூடு கட்டும் தேனீ மிக அதிகம்.

தட்டான்:
மண்மேடு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, விடுதிக்கு முன்னால் அதுதான். ஆனால் விடுதியே வேண்டாம் என்று போக மாட்டேன். கடைகளில் விற்கும் பெரிய, பைன் காயும் வைக்கோலும் திணித்த பெட்டிதான் வீண். சின்னதாக, ஒன்றுக்கொன்று தள்ளி, கெட்டி மரக்கட்டையில் 3 முதல் 10 மி.மீ. வரை பல அளவில் துளையிட்டு, 10 முதல் 15 செ.மீ. ஆழம் கொடுத்து, பின்பக்கம் மூடியிருக்கும்படி வைத்தால் இலைவெட்டித் தேனீ வரும். துளையின் வாயில் சிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் சிறகு கிழியும் என்பதால் அதை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மழை படாத கூரை வேண்டும். இரண்டு பருவத்துக்கு ஒருமுறை கட்டையை மாற்றவோ குழாயைப் புதுப்பிக்கவோ ஆள் இல்லையென்றால் வைக்கவே வேண்டாம்.

மூன்றாம்மாடி:
கொசு, தேனீ இரண்டும் புரிந்தது. பாம்பு?

பட்டமரம்:
வரலாம். வரவே வராது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி குப்பையைத் தேடி வருகிறது, குப்பைத்தொட்டி திறந்து கிடந்தால் கட்டை அடுக்கு இல்லாமலே இரண்டும் வரும். அடுக்கு வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். கட்டடச் சுவர், வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து தள்ளி நிலத்தின் கடைசிக் கோடியில் வையுங்கள். அடுக்குக்கும் நடைபாதைக்கும் இடையே புல்லைக் கட்டையாக வெட்டி வைத்தால் எதுவும் ஒளிந்து கடக்காது. கட்டையைப் புரட்டிப் பார்க்க யாரும் வெறுங்கையை நீட்டக் கூடாது. விஷப்பாம்பு அதிகமுள்ள பகுதி என்றால் படுக்கை அடுக்கையே தவிர்த்து, கட்டைகளைக் குழியில் நட்டு நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். அரை மீட்டர் மண்ணுக்குள், மீதி வெளியே, நடுவில் மண் நிரப்பி. இங்கிலாந்தில் மான்கொம்பு போன்ற தாடையுள்ள கொம்பு வண்டுக்கு இப்படித்தான் செய்கிறார்கள், அதன் புழு பூமிக்கடியில் மக்கும் மரத்தைத் தின்றுகொண்டு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை கிடக்கும். பாம்பு ஒளிய இடுக்கு குறைவு, வண்டுக்கு உணவு அதிகம்.

மொட்டைமாடி:
வெப்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மெல்லிய ப்ளைவுட் பெட்டியை வெயிலில் மாட்டினால் உள்ளே வெளிக்காற்றைவிடப் பல டிகிரி ஏறிவிடும், குஞ்சால் எழுந்து போக முடியாது. உயிருள்ள மரத்தின் பொந்து பகலில் குளிர்ந்தும் இரவில் கதகதப்பாகவும் இருக்கும், காரணம் சுற்றியுள்ள மரத்தின் கனமும் ஈரமும். ஆஸ்திரேலியாவில் இதனால்தான் பெட்டியை விட்டுவிட்டு, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நிற்கும் மரத்திலேயே சங்கிலி ரம்பத்தால் பொந்து செதுக்கிப் பார்க்கிறார்கள். வெயில் கடுமையான ஊரில் பிற்பகல் வெயில் படாத பக்கம், தடித்த பலகை, வெளிர் நிறம், மேலே நீட்டிய கூரை.

வௌவால் பெட்டிக்கு இது இன்னும் முக்கியம், கருப்பு அடித்த பெட்டிக்குள் குட்டிகள் வெந்துபோகும். அப்புறம் பழந்தின்னி வௌவால் பெட்டிக்கு வராது, அது கிளையில் தொங்குவது. பெட்டி பூச்சி தின்னும் சிறு வௌவாலுக்கு. அதற்குத் தேவை 2 செ.மீ. அளவு குறுகிய இடுக்கு, சொரசொரப்பான உள்பக்கம், திறந்த அடி, 4 மீட்டருக்குமேல் உயரம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1980இல் புதுப்பித்த பாலத்தின் அடியில் கட்டுமானத்துக்காக விட்ட இடுக்குகள் தற்செயலாக அந்த அளவில் அமைந்துவிட்டன, கோடையில் 15 லட்சம் வரை வௌவால்கள் தங்குகின்றன. யாரும் அவற்றுக்காகக் கட்டவில்லை, அளவு சரியாக இருந்தது, அது போதுமாக இருந்தது.

மாடி பக்கம் ஒன்று: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புதிய தட்டைக் கூரைகளில் செடி வளர்ப்பது கட்டாயம். அங்கே கற்றுக்கொண்டது, மண்ணை ஒரே மட்டமாகப் பரப்பாமல் ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் சரளை, ஓரிடத்தில் செத்த கிளை என்று வைத்தால் வண்டும் சிலந்தியும் அதிக வகைகளில் வரும் என்பது. எடை தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் மாடியில் மண் கொட்ட வேண்டாம்.

நீர்க்கரை:
கட்டுமானத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்பதற்குக் கடலோரத்திலும் சாட்சி உண்டு. சிட்னி துறைமுகக் கரையில் ஏறக்குறைய பாதி வழவழப்பான தடுப்புச்சுவராகிவிட்டது, அதில் நண்டுக்கும் நத்தைக்கும் ஒதுங்க இடமில்லை. 2018 முதல் அங்கே குழியும் மடிப்பும் உள்ள பலகங்களைச் சுவரில் பொருத்தி வருகிறார்கள். மெல்போர்ன் பக்கத்தில் செயின்ட் கில்டா அலைத்தடுப்பு 1956 ஒலிம்பிக் படகுப் போட்டிக்காகப் போட்ட கற்குவியல், அதன் இடுக்குகளில் இன்று பெங்குவின்களில் மிகச் சிறிய இனம் குடியிருக்கிறது. வழவழப்பாகப் பூசிய மேற்பரப்பைக் கண்டாலே எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

வேலியோரம், எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுச் சுற்றுச்சுவரை மூடி வைத்தால் தேரை எப்படி வரும்? சுவரின் அடியில் 13 செ.மீ. சதுரத்தில் ஒரு திறப்பு விடுங்கள், பிரிட்டனில் முள்ளெலிக்கு இந்த அளவில்தான் விடுகிறார்கள். பக்கத்து வளாகத்தாரிடமும் பேசுங்கள். அப்புறம் கண்ணாடி. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் கிட்டத்தட்ட 100 கோடி பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2014இல் மதிப்பிட்டார்கள். நிலத்தைப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தால் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஒட்டிவிட்டு அப்புறம் பறவையைக் கூப்பிடுங்கள். திரியும் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கும் இடமும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. வரவழைத்துச் சாகவிடுவதைவிட வரவழைக்காமல் இருப்பது நல்லது, இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

வேலியோரம்:
எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் வைக்கப்போவது இது: பட்டமரம் ஆளை வைத்துப் பார்த்துக் கிளை கழித்து நிற்கும். கழித்த கட்டைகள் கடைசிக் கோடியில் நெட்டுக்குத்தாக. பள்ளத்துக்குக் கரைச்சரிவு மட்டும், குளம் இப்போதைக்கு இல்லை. சுவரோரம் வெற்று மண்மேடு. சுவரில் திறப்பு. சிட்டுக்குருவிக்கு மட்டும் சில பெட்டிகள், ஏற்கெனவே மின்பெட்டி இடுக்கில் கூடு கட்டப் பார்க்கிறது. வௌவால் பெட்டியை விட்டுவிட்டேன், உயரமும் நிழலும் சேர்ந்து கிடைக்கும் சுவர் இல்லை. ஒரு சந்தேகம்: பெட்டியை எப்போது சுத்தம் செய்வது, பழைய கூட்டை எடுத்தால் பறவை கோபித்துக்கொண்டு வராமல் போகுமா?

உழவாரன்:
வராமல் போகாது. சிட்டுக்குருவி ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறைகூடக் குஞ்சு பொரிக்கும், அதனால் ஒரு முறை பொரித்த குஞ்சுகள் வெளியேறியதும் கையை விடாதீர்கள். சில வாரம் பார்த்து, உள்ளே போக்குவரத்து முழுக்க நின்ற பிறகு திறந்து பழைய கூட்டை எடுத்துவிடுங்கள், அதில் உண்ணியும் பேனும் நிறைந்திருக்கும். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவிட்டால் போதும், பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். பெட்டியின் பின்னால் எண் எழுதி, எதில் குடி வந்தது, எதில் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று பருவம் காலியாகவே இருக்கும் பெட்டியை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

மூன்றாம்மாடி:
அந்த நோட்டை யார் வைத்துக்கொள்வது என்பதையும் அதே கூட்டத்தில் பெயரோடு முடிவு செய்துவிடுங்கள். பட்டமரத்தை வருடம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பும் அதில் சேரட்டும். இது இருந்தால் என் கை உயரும்.